ஒன்பது திருப்பதிக்குப் போகிறவர்களுக்கு

ஒரு ஊரைப் பற்றிய பயணக் குறிப்புகளை வாசித்தால், அந்த ஊர்க்காரர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்று தெரிந்துவிடும். அலுவலக வேலையாக ஆறு வாரம் சாவோ பாலோவில் இருந்தேன். போவதற்கு முன்பே அங்கே எங்கள் குழுவில் இருந்த தோழி ஒரு பட்டியல் அனுப்பிவிட்டாள். தெருவில் நடக்கும்போது போனை வெளியே எடுக்காதே, வழி பார்க்கணும் என்றால் ஏதாவது கடைக்குள் ஏறி நின்று பார். இருட்டின பிறகு பழைய நகரப் பகுதியில் தனியாக நடக்காதே. மெட்ரோ நல்லது, அதிலேயே போ. ஞாயிற்றுக்கிழமை பவுலிஸ்டா அவென்யூவில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், அன்றைக்குத்தான் அந்தச் சாலை மனுஷர்களுக்கு, அதைத் தவறவிடாதே. கறி சாப்பிடமாட்டாய் என்றால் எடை போட்டு விற்கும் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போ. தட்டில் வேண்டியதை எடுத்துக்கொண்டு தராசில் வைத்துக் காசு கொடுத்தால் போதும், யாரிடமும் எதையும் விளக்க வேண்டாம். புதனும் சனியும் மட்டும் பீன்ஸ் குழம்பு பக்கம் போகாதே, அன்றைக்கு அதில் பன்றிக்கறி கிடக்கும். அவசரத்துக்கு பேக்கரியில் ஒரு காபி வாங்கு, கழிப்பறைச் சாவி கேட்டால் தருவார்கள்.

நகரத்துக்குள் மட்டுமே ஒரு கோடிப் பேருக்கு மேல். அத்தனை பெரிய ஊரில் ஆறு வாரமும் நான் தொலையாமல் இருந்தது அந்தப் பட்டியலால்தான். இப்போது அவள் இந்தியா வருகிறாள். தாஜ்மகால் எல்லாம் வேண்டாம், உன் ஊரைப் பார்க்கணும், எனக்கும் ஒரு பட்டியல் எழுது என்றாள். என் ஊர் ஆழ்வார்திருநகரி. பவுலிஸ்டா அவென்யூவின் ஒரு பக்கத்து நடைபாதைக்குள் அடங்கிவிடும்.

அவளுக்கு எழுதியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன். புரட்டாசி வந்தால் எனக்குத் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று பத்துப் பேராவது "நவதிருப்பதி ஒரே நாள்ல முடிச்சிரலாமா?" என்று கேட்கிறார்கள். முடிக்கலாம். பஸ் விட்டு முடிக்க வைக்கிறார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திருநெல்வேலியிலிருந்து சிறப்புப் பேருந்து உண்டு, கோயில்களும் வழக்கத்தைவிட நேரம் கூடத் திறந்திருக்கும். காலையில் ஏறினால் ராத்திரி இறக்கிவிடுவான். ஆனால் அது பார்ப்பது இல்லை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது.

முதலில் எப்போது வருவது என்பது. சித்திரை, வைகாசி வெயிலில் பிரகாரக் கல் உள்ளங்காலைப் பொரித்துவிடும். கம்பளிச் சாக்ஸ் போட்டுக்கொண்டு சுற்றுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அவர்கள் போன வருஷமும் வந்தவர்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி அடைமழைக் காலம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்று இந்தப் பக்கத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுபோய், ஏறத்தாழ 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை, ஜல்லி இல்லை, தண்டவாளம் மட்டும் கம்பிக்கொடி மாதிரி தொங்கியது. ஸ்டேஷன் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் தங்கள் வீட்டிலும் தண்ணீர் நிற்க, இருந்த அரிசியைப் போட்டுப் பொங்கி அவர்களுக்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் முழங்கால் அளவு. அம்மா அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு மச்சில் ஏறிவிட்டாள்.

அதனால் தை மாதம் வா என்றேன். ஆற்றில் தண்ணீர் இருக்கும், வயல் பச்சையாக இருக்கும், வெயில் பேசாமல் இருக்கும். பிரேசிலிலும் அப்போதுதான் விடுமுறைக் காலம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சான்றிதழ் இல்லாமல் கிளம்பாதே என்றும் எழுதினேன். பிரேசிலிலிருந்து வருகிறவர்களிடம் நம் விமான நிலையத்தில் அதைக் கேட்பார்கள். நான் திரும்பி வந்தபோது என்னிடமும் கேட்டார்கள். இங்கிருந்து அங்கே போகிறவர்கள் கிளம்புவதற்குக் குறைந்தது பத்து நாளுக்கு முன்னால் ஊசி போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

காசு விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்றுதான். அங்கே தெருவில் இளநீர் விற்கிறவர்கூட 'பிக்ஸ்' என்ற பணப் பரிமாற்றக் கட்டத்தை அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார். உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாத எனக்கு அது உதவவில்லை. இங்கே பூக்காரம்மா ஜிபே வைத்திருக்கிறார். அவளுக்கு அது உதவாது. ஐம்பது, நூறு தாள்களாகக் கொண்டுவா என்றேன்.

இனி வழி. நவதிருப்பதி என்றதும் எல்லோரும் கிரக வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஸ்ரீவைகுண்டம் சூரியன், நத்தம் சந்திரன், திருக்கோளூர் செவ்வாய், திருப்புளிங்குடி புதன், எங்கள் ஊர் குரு, தென்திருப்பேரை சுக்கிரன், பெருங்குளம் சனி, இரட்டைத் திருப்பதி ராகு கேது. இந்த வரிசையில் போனால் ஆற்றை நாலு தடவை குறுக்கே கடக்க வேண்டும், டிரைவர் உங்களை மனசுக்குள் திட்டுவார். நம்மாழ்வார் இந்த ஊர்ப் பெருமாள்களைப் பாடும்போது கிரகக் கணக்கு எதுவும் வைக்கவில்லை, அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கிரகத்தை விட்டுவிட்டு ஆற்றைப் பிடியுங்கள். வடகரையில் ஆறு கோயில்: ஸ்ரீவைகுண்டம், நத்தம் என்கிற வரகுணமங்கை, திருப்புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி இரண்டு. தென்கரையில் மூன்று: ஆழ்வார்திருநகரி, திருக்கோளூர், தென்திருப்பேரை. ஒரு நாள் ஒரு கரை. இரண்டு நாள் இல்லாதவர்கள் ஒரு கரையை மட்டும் பார்த்துவிட்டுப் போங்கள், இன்னொரு கரை எங்கேயும் ஓடிவிடாது.

ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன் ஸ்ரீவைகுண்டத்தில் இல்லை. அது தென்கரையில் புதுக்குடியில் இருக்கிறது, ஊர் ஆற்றுக்கு அந்தப் பக்கம். திருநெல்வேலி திருச்செந்தூர் பாசஞ்சரில் வந்தால் அடுத்த ஸ்டேஷனான ஆழ்வார்திருநகரியில் இறங்குங்கள். இங்கே இறங்கினால் ஊருக்குள் நடந்தே வந்துவிடலாம்.

இன்னொன்று, மத்தியானம். பன்னிரண்டு மணிக்குப் பெரும்பாலும் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி திறக்க நாலு, ஐந்து ஆகும். சின்னக் கோயில்களில் பட்டர் வந்தால்தான் கதவு. அந்த இடைவெளியில் காரிலேயே தூங்குகிறவர்கள் அநேகம். நான் ஆதிச்சநல்லூருக்குப் போகச் சொல்வேன். ஆற்றின் தென்கரையில், திருநெல்வேலி ரோட்டை ஒட்டியே அந்தப் பறம்பு இருக்கிறது. தாழியில் வைத்துப் புதைக்கப்பட்டவர்களின் இடுகாடு. 1876-ல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ, நூறு வருஷம் கழித்து 2004-ல் தொல்லியல் துறை. 2023-ல் குழிகளை அப்படியே விட்டு, மேலே கண்ணாடி போட்டுக் களத்திலேயே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கண்ணாடி மேல் நின்று குனிந்தால் காலுக்குக் கீழே தாழிகள். தோழி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். கோயிலுக்குச் சொன்னதை இங்கேயும் செய்கிறாள் என்று முதலில் நினைத்தேன். "யாரோ படுத்திருக்கிறார்கள் இல்லையா?" என்றாள்.

வண்டியில் இடம் இருந்ததால் அம்மாவையும் கூட்டிக்கொண்டோம். அப்போதுதான் எனக்கு அந்த விஷயம் தெரிந்தது. அம்மா பிறந்ததும் வாக்கப்பட்டதும் இதே ஊரில், இரண்டு தெரு தள்ளி. அறுபத்தேழு வயசு. ஒன்பதில் நாலைத்தான் பார்த்திருக்கிறாள். தென்கரை மூன்றும், ஒரு கல்யாண வீட்டுக்குப் போன இடத்தில் ஸ்ரீவைகுண்டமும்.

"ஏம்மா, நீ போனதே இல்லையா?"

"ஒங்கப்பாட்ட எத்தன தடவ கேட்டிருப்பேன். 'எல்லாப் பெருமாளும் வைகாசில நம்ம தெருவுக்கே வந்துருதாவ, நீ என்னத்துக்கு அலையுத'ம்பாவ."

அப்பா சொன்னது பொய்யில்லை. வைகாசித் திருவிழாவில் ஐந்தாம் நாள் ஒன்பது பெருமாள்களும் கருட வாகனத்தில் எங்கள் ஊரில் கூடுவார்கள், நம்மாழ்வார் அன்ன வாகனத்தில் வருவார். ஒன்பது கருடனும் வரிசையாக நிற்கும் அந்த ராத்திரியில் தெரு கொள்ளாது. அன்றைக்கு வந்தால் இந்தக் குறிப்பு எதுவுமே உங்களுக்குத் தேவையில்லை, ஒரே இடத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். அம்மாவும் ஆண்டு தவறாமல் அப்படித்தான் பார்த்திருக்கிறாள். "வீட்டுக்கு வந்தவங்களப் பாத்திருக்கேன். அவுக வீட்டப் பாத்ததில்ல" என்றாள். அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது, அவரிடம் இனி சண்டை போட முடியாது.

எங்கள் ஊர்க் கோயிலுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஆதிநாதரைப் பார்த்துவிட்டு எல்லோரும் புளியமரத்துக்குத்தான் போவார்கள். அதன் அடியில் ஆழ்வார் பதினாறு வருஷம் பேசாமல் இருந்தார் என்பது ஐதீகம். இலை ராத்திரியிலும் மூடாது என்பதால் உறங்காப்புளி. வடக்கே போயிருந்த மதுரகவி தெற்கே ஒரு ஒளி தெரிவதைப் பார்த்து அதைப் பின்தொடர்ந்தே இங்கே வந்து சேர்ந்தார், வயதில் மூத்த அந்தணர், வேளாளர் குலத்துச் சிறுவரைக் குருவாகக் கொண்டார் என்று கதை போகும். மதுரகவியின் ஊரான திருக்கோளூர் இங்கிருந்து சில கிலோமீட்டர்தான். கிளம்பின ஊருக்குப் பக்கத்திலேயே தேடியது இருந்தது என்றதும் தோழிக்குக் கதை பிடித்துவிட்டது. கல்லில் செய்த நாதஸ்வரம் ஒன்றும் இந்தக் கோயிலில் உண்டு. மார்கழியில் வருகிறவர்கள் அரையர் சேவை பார்க்காமல் போகாதீர்கள். ஸ்ரீரங்கமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விட்டால் தமிழ்நாட்டில் இங்கேதான்.

வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிவருகிறவர்கள் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கோயிலுக்குக் கோயில் வழக்கம் மாறும். சில இடங்களில் கொடிமரத்தைத் தாண்டி இந்துக்கள் மட்டும் என்று பலகை இருக்கும், சில இடத்தில் பலகை இருந்தும் யாரும் கேட்கமாட்டார்கள், சில இடத்தில் பலகை இல்லாமலே கேட்பார்கள். எங்களுக்கு ஒரு கோயிலில் கேட்டார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை, கொடிமரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டாள். எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. மதுரகவி கதையைச் சொல்லி முடித்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அம்மா மட்டும் உள்ளே போய், திரும்பி வந்து அவள் முன்னால் நின்றுகொண்டு, பெருமாள் எப்படி உட்கார்ந்திருக்கிறார், கை எங்கே, ஆதிசேஷன் தலை எங்கே என்று முழுக்கத் தமிழில் செய்து காட்டினாள். நான் மொழிபெயர்க்கப் போனேன். "நீ சும்மா இரி, அவளுக்கு வெளங்குது" என்றாள்.

திருப்புளிங்குடியில் பெருமாள் கிடந்த கோலம். கருவறை வாசலில் நின்றால் பாதம் தெரியாது. அதற்கென்று பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள், பிரகாரத்தைச் சுற்றி வந்து அதன் வழியாகப் பாதத்தைச் சேவிக்க வேண்டும். அம்மா முதல் ஆளாகக் கண்டுபிடித்துவிட்டு, "ஏம்மா, இங்கன வா, ஜன்னல் வழியா பாரு" என்று அவளைக் கூப்பிட்டாள். அவள் நின்று திரும்பினாள். "ஜனெலா?"

ஜன்னல்தான். அவர்கள் மொழியான போர்த்துக்கீசியத்திலும் ஜன்னல் ஜனெலா, சாவி ஷாவி, மேசை மெசா. சாவோ பாலோவில் பேக்கரிக்காரர் கழிப்பறைச் சாவியைக் கேட்டு உள்ளே குரல் கொடுத்தபோது எனக்கு ஒரு கணம் நாசரேத் பஸ் ஸ்டாண்டில் நிற்பதாகத் தோன்றியிருக்கிறது. அந்த வார்த்தைகள் நமக்கு வந்த வழிகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது, தாமிரபரணி கடலில் விழுகிற புன்னைக்காயல். அங்கே தங்கித் தமிழ் படித்து, இலக்கணம் எழுதி, 1578-ல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டவர் அண்டிரிக் அடிகளார் என்று நாம் சொல்கிற என்றிக்கே என்றிக்கஸ். இயேசு சபைக்காரர். அதே சபையின் பாதிரிமார்கள்தான் 1554 ஜனவரி 25-ந் தேதி சாவோ பாலோவைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான அஞ்சியேட்டா அங்கத்துப் பழங்குடிகளின் துப்பி மொழிக்கு இலக்கணம் எழுதினார். ஒரே காலத்தில், ஒரே சபையின் இரண்டு பேர், உலகத்தின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து அடுத்தவர் மொழியின் வினைச்சொற்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். இதை அவளிடம் சொன்னபோது, "என் கொள்ளுத் தாத்தா வீட்டில் இந்த இரண்டுமே இல்லை" என்று சிரித்தாள். அவர் ஜப்பானிலிருந்து காபித் தோட்ட வேலைக்குப் போனவர். முதல் கப்பல் 1908-ல் போயிற்று, அவர் அதற்குப் பின்னால்.

இனிமேல் சொல்வதுதான் இந்தக் குறிப்பை எழுதத் தூண்டியது. அதைப் புரட்டாசிப் பஸ்ஸில் வருகிற பெண்களுக்காகச் சொல்கிறேன்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். பதினொரு மணி வரைக்கும் அம்மா ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நீட்டினால் "இப்பத்தான குடிச்சேன்" என்றாள். சர்க்கரை இருக்கிறது, மாத்திரை போடுகிறவள். பெருங்குளம் போய்ச் சேரும்போது உதடு வெளுத்து, காரை விட்டு இறங்கியதும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதட்டிக் கேட்டபிறகு சொன்னாள். "வெளிய கெளம்புனா தண்ணி குடிக்கப்பிடாதுன்னு எங்கம்மா சொல்லிக்குடுத்தது. எங்க போயி ஒதுங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பேருந்துப் பயணத்துக்கு அவள் வைத்திருந்த பட்டியலில் அது ஒன்றே ஒன்றுதான் இருந்திருக்கிறது. அப்பாவுக்கு அலைய வேண்டாம் என்பது ஒரு வேடிக்கைப் பேச்சு, அவளுக்கு இது. எத்தனை கோயில் பஸ்ஸில் எத்தனை பாட்டிகள் இப்படி நாக்கு வறள உட்கார்ந்து வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பார்க்கிற இடத்தின் தலபுராணம் எல்லாப் பலகையிலும் இருக்கிறது, கழிப்பறை எங்கே என்று ஒரு அம்புக்குறி அபூர்வம். இருந்தாலும் பூட்டு.

தோழிக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. காலையிலிருந்தே "பாத்ரூம் எங்கே?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தாள், பெட்ரோல் பங்கில் ஒரு தடவை, ஸ்ரீவைகுண்டத்தில் ஹோட்டலில் ஒரு தடவை. பெருங்குளத்தில் கடை எதுவும் பக்கத்தில் இல்லை. கோயில் தெருவில் வாசலில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் நேரே போய், ஒரு கையை வயிற்றில் வைத்து, மறு கையால் வீட்டைக் காட்டினாள். நான் ஓடிப்போய்த் தமிழில் கேட்பதற்குள் அந்த அக்கா, "வாங்க, வாங்க, பின்னால இருக்கு. அந்த அம்மாவும் வருதாவளா?" என்று கேட்டுவிட்டார். மூன்று பேரும் போய்விட்டு வந்தோம். ஒரு செம்புத் தண்ணீரும், பிறகு மோரும் வந்தது. அம்மா செம்பைக் கீழே வைக்காமல் குடித்தாள். போகும்போது அந்த அக்கா, "சனிக்கெழமன்னா பத்து பேராவது வருவாங்க, பொம்பளப்பிள்ளைய எங்க போவும்?" என்று சாதாரணமாகச் சொன்னார்.

ஆகவே குறிப்பு: பெட்ரோல் பங்க், ஹோட்டல், கல்யாண மண்டபம், இவை எதுவும் இல்லாவிட்டால் வாசலில் பெண்கள் உட்கார்ந்திருக்கிற வீடு. கேளுங்கள். தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று. வயசான பெண்களைக் கூட்டிவருகிறவர்கள், கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரிப்பதற்கு முன் இதை விசாரித்து வையுங்கள். அவர்களாக வாய் திறந்து கேட்கமாட்டார்கள்.

பெருங்குளத்துப் பெருமாளுக்கு மாயக்கூத்தன் என்று பெயர். அம்மா நடை சாத்துகிற நேரம்வரை அவர் முன்னால் நின்றாள், நாங்கள் போய்க் கூப்பிடவேண்டியிருந்தது. "வைகாசில பாக்கும்போது மாலையும் கூட்டமுமா மொகமே தெரியாது" என்றாள். இரட்டைத் திருப்பதி இரண்டையும் சாயங்காலம் பார்த்தோம். அங்கே பஸ்ஸை நம்பி இருக்காதீர்கள், ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள், திரும்புவதற்கும் சேர்த்து. 108 திவ்யதேசக் கணக்கில் அந்த இரண்டு கோயிலும் சேர்ந்து ஒன்றுதான். கணக்கு எப்படியானாலும் அங்கே சாயங்காலம் ஆற்றுப் பக்கமிருந்து வருகிற காற்றுக்காகவே போகலாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரோட்டோரத்தில் கருப்பட்டிக் காபி என்று எழுதியிருந்தால் நிறுத்துங்கள். பங்குனிக்கு மேல் வந்தால் பதநீர், நுங்கு. அல்வாவை ஊருக்குத் திரும்புகிற அன்றைக்குத் திருநெல்வேலியில் வாங்குங்கள், முன்னாலேயே வாங்கினால் ஊர் போய்ச் சேராது.

தோழியை மதுரை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்த மறுநாள், அம்மா காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு என்று போனது. நவகைலாயம். இதே ஆற்றின் கரையில் சிவனுக்கு ஒன்பது.

"அந்தப் பிள்ள திரும்ப எப்ப வரும்?" என்றாள்.

"ரெண்டு வருஷம் ஆகும்மா."

"அது வரைக்கும் காத்துக் கெடக்க முடியாது. சேரன்மாதேவிக்குக் காலைல மொத பஸ் எத்தன மணிக்குன்னு பாத்துச் சொல்லு. பங்க் எங்கல்லாம் இருக்குன்னும் பாரு."